ஆறாம் வகுப்பு கைக்கு வந்தால் ஜூன் முதல் ஏப்ரல் வரை என்ன செய்வது: நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு உங்களை வகுப்பாசிரியராகப் போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் இதைக் கடைசி வரை படியுங்கள். நான் பல வருடமாக இந்த வகுப்போடுதான் இருக்கிறேன், கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன் (கணக்குப் பட்டதாரி ஆசிரியர் அறிவியலையும் சேர்த்துப் பார்ப்பது எங்கள் மாதிரி சின்னப் பள்ளிகளில் சகஜம்). எட்டாம் வகுப்பைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், ஒன்றாம் வகுப்பைப் பற்றியும் பேசுவார்கள், ஆறாம் வகுப்பு நடுவில் அப்படியே போய்விடும். ஆனால் ஒரு பிள்ளை பள்ளியோடு ஒட்டிக்கொள்ளுமா, மெல்ல விலகுமா என்பது இந்த ஒரு வருடத்தில்தான் தெரிகிறது என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலையிலிருந்து மாலை வரை ஒரே டீச்சர். இப்போது மணி அடிக்க அடிக்க ஆள் மாறுகிறார். முதல் தடவையாக வடிவியல் பெட்டி, முதல் தடவையாக வரைபடப் புத்தகம், அறிவியலில் திடீரென்று கனமான சொற்கள். இன்னொன்றும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் என்று வந்தது, ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அதே வராண்டாவில் தம்பி தங்கைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் வகுப்பில் ஜூன் மாதம் 10 மணிக்குத் தலை சாய்க்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் காரணம் இதுதான். முதல் வாரத்திலேயே "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று தனித்தனியாகக் கேட்டு வையுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பிள்ளையை எந்த நேரத்தில் கரும்பலகைக்குக் கூப்பிடலாம் என்பது உங்களுக்கே விளங்கும். தலைமை ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் பேசினால் சில பள்ளிகளில் உள்ளூர் உதவியில் ஏதாவது வழி பிறக்கிறது.

சரி, வரிசையாக வருவோம்.

முதல் படி: ஜூன் முதல் வாரத்தில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

திறந்த அன்றைக்கே முதல் பருவப் புத்தகம் வந்துவிடும், உடனே முதல் பாடத்தை ஆரம்பிக்கத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி, அது சரளமாக வந்தால் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி. 34 பிள்ளைகள் என்றால் கிட்டத்தட்ட 100 நிமிடம், மூன்று நாளில் மூன்று பீரியடில் முடிந்துவிடும். மற்ற பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை: வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரைவது. அந்தப் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

குறிப்பேட்டில் மூன்றே மூன்று பிரிவு போதும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர், சொல் சொல்லாகப் படிப்பவர், சரளமாகப் படிப்பவர். மதிப்பெண் போடாதீர்கள், பிள்ளைக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், "நல்லா படிச்ச, போ" என்று அனுப்பிவிடுங்கள்.

கணக்குக்கு ஒரே ஒரு கணக்கு கொடுப்பேன். 402-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 224. யார் சரி யார் தப்பு என்பதோடு நிறுத்திவிடாமல், தப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். 376 என்று எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்றே பார்க்கவில்லை, அதாவது கடன் வாங்குவது என்றால் என்ன என்பதே அதற்குப் போய்ச் சேரவில்லை. 234 என்று எழுதிய பிள்ளைக்கு விஷயம் தெரியும், நடுவில் இருக்கும் பூஜ்யத்தில் தடுமாறியிருக்கிறது. முதல் பிள்ளைக்குக் குச்சிக்கட்டும் பத்து ரூபாய்த் தாளும் வைத்து ஆரம்பத்திலிருந்து காட்ட வேண்டும், இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து கணக்கு போட்டால் சரியாகிவிடும். இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புத் தப்புக்குறி போட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். 2025-26 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அடிப்படைத் திறனுக்காகத் 'திறன்' இயக்கம் வந்திருக்கிறது, அதற்கான தேர்வும் பயிற்சிப் புத்தகமும் தனி. இருந்தாலும் நீங்களே உட்கார்ந்து காதால் கேட்ட மூன்று நிமிடத்துக்கு ஈடாக எந்தப் படிவத்தையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாம் படி: யார் பக்கத்தில் யார்

ப வடிவத்தில் உட்காரவையுங்கள் என்று சொல்கிறார்கள், நல்லதுதான், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். ஆனால் சின்ன வகுப்பறையில் 34 பேரை ஒரே வரிசையில் ப போட முடியாது, இரண்டு வரிசை வரும், இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பார்கள். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் நான்கு இடம் நகர வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களே நகர்ந்துவிடுவார்கள்.

குழு பிரிப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். விட்டுவிட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஊரில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. சத்துணவுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும்போதும் அதே கதைதான். இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கக் கூடாது. நான் செய்வது இதுதான்: வரிசையில் நிற்கவைத்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணச் சொல்வேன், ஒன்றுகள் எல்லாம் ஒரு குழு, இரண்டுகள் எல்லாம் ஒரு குழு. 34 பேரில் ஆறு குழுவுக்கு நான்கு நான்கு பேர், இரண்டு குழுவுக்கு ஐந்து ஐந்து பேர். டீச்சர் வேண்டுமென்றே சேர்த்தார் என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை மறுபடி எண்ணிக் கலைக்கலாம். சாப்பாட்டுக்கும் அதே குழுதான் ஒன்றாக உட்கார வேண்டும், நீங்களும் தட்டை எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு குழுவோடு உட்காருங்கள். ஒரு வருடம் ஒரு அப்பா வந்து கேட்டார், "எம் பொண்ணு ஏன் அந்தப் பிள்ளைகளோட உக்காருது?" என்று. "எண்ணினப்போ ஆறாம் நம்பர் வந்துச்சுங்க, ஆறாம் குழுவுல உக்காந்திருக்கு" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் பேச்சை வளர்க்கவில்லை.

குழுவுக்குள் வேலையும் சுற்ற வேண்டும். பொருள் எடுத்து வருபவர், செய்பவர், எழுதுபவர், எழுந்து சொல்பவர் என்று நான்கு வேலை, ஐந்தாவது ஆள் இருந்தால் நேரம் பார்ப்பவர். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் வேலை மாறும். இது இல்லையென்றால் வருடம் முழுக்க ஒரே பிள்ளை செய்யும், ஒரே பிள்ளை ஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டிருக்கும், மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: ஒரு செயல்பாட்டை உருப்படியாக நடத்துவது

முதல் பருவ அறிவியலில் முதல் பாடம் அளவீடுகள். இதை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குக் காசே செலவில்லை.

வராண்டாவின் நீளத்தை முழத்தால் அளக்கச் சொல்லுங்கள். எட்டுக் குழுவும் அளந்துவிட்டு வந்து கரும்பலகையில் எழுதட்டும். எங்கள் வராண்டாவுக்கு ஒரு வருடம் 29 முழம், 31, 33, 34 என்று வந்தது, ஒரு குழு 27 என்று எழுதியது. உடனே சண்டை ஆரம்பிக்கும். "டீச்சர், யாரோடது கரெக்டு?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை, பதில் சொல்லிவிட்டால் செயல்பாடு அங்கேயே முடிந்தது. ஒரு பத்து நிமிடம் விடுங்கள். யாராவது ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் கையோடு தன் கையை ஒட்டி வைத்துப் பார்க்கும். எங்கள் வகுப்பில் அன்றைக்கு அதைச் செய்தது ஜூனில் எழுத்துக்கூட்டிப் படித்த பையன், வகுப்பிலேயே உயரமானவன், 27 எழுதிய குழுவில் அளந்தவன் அவன்தான். "எங்கை நீளம், அதான் கம்மி வருது" என்றான். பூக்காரம்மா முழம் போடும்போது கையை மடக்குவதைப் பற்றி இன்னொரு பெண் சொன்னாள். அதற்கப்புறம் திட்ட அலகு எதற்கு என்று நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அடுத்த பீரியடில் மீட்டர் ஸ்கேல். பள்ளியில் இருக்கும் மர ஸ்கேலின் பூஜ்யம் இருக்கும் முனை பெரும்பாலும் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும். அதை ஒளித்து வைக்காமல் அப்படியே கொடுங்கள். 10 செ.மீ. கோட்டில் வைத்து ஆரம்பித்து, முடிவில் 10-ஐக் கழிக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இடமாறு தோற்றப் பிழைக்கு (பார்க்கும் இடம் மாறினால் அளவும் மாறித் தெரிவது) ஒரு பென்சிலையும் ஸ்கேலையும் மேஜையில் வைத்து, மூன்று பேரை இடது, நேர், வலது என்று நிற்கவைத்துப் படிக்கச் சொன்னால் போதும்.

கடைசிப் பத்து நிமிடம் எழுதுவதற்கு. குழுவாக வேண்டாம், ஒவ்வொருவரும் தன் நோட்டில் மூன்று வரி: என்ன செய்தோம், என்ன வந்தது, எனக்கு என்ன சந்தேகம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒரு படமும் இரண்டு சொல்லும் எழுதினால் போதும். இந்த மூன்று வரியை விட்டுவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஓடி விளையாடியது மட்டும்தான் நினைவில் இருக்கும்.

இப்படி ஒரு செயல்பாட்டுக்கு இரண்டு பீரியட் போகும். பாடம் முடியாதே என்று பயம் வரும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை வருடத்துக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. தேர்வு, விழா, மழை விடுமுறை எல்லாம் போக அதில் நம் கைக்கு வருவது எவ்வளவு என்று நாட்காட்டியை வைத்து ஜூனிலேயே எண்ணிவிடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் பெரிய செயல்பாடு வைக்க முடியாது. ஒரு பாடத்தில் பருவத்துக்கு மூன்று முழுசாகச் செய்தால் போதும், மீதியைப் பத்து நிமிட வேலைகளாக வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: மதிப்பெண் எங்கிருந்து வர வேண்டும்

வளரறி மதிப்பீடு (பருவம் நடக்கும்போதே போடுவது) 40, தொகுத்தறி மதிப்பீடு (பருவ முடிவுத் தேர்வு) 60. அந்த 40-ல் 'அ' என்பது செயல்பாட்டுக்கு 20, 'ஆ' என்பது சிறு தேர்வுக்கு 20. 2012-13-ல் முப்பருவ முறையோடு இது வந்தபோது அந்த 20 மதிப்பெண் வகுப்பில் பிள்ளை செய்வதற்கு என்றுதான் வந்தது. நாளடைவில் என்ன ஆயிற்று என்றால், "நாளைக்குச் சூரியக் குடும்பம் சார்ட் கொண்டு வா" என்று சொல்லிவிடுகிறோம், பிள்ளை ஸ்டேஷனரி கடைக்குப் போய் அச்சடித்த படம் வாங்கி ஒட்டி எடுத்து வருகிறது, வசதி இருப்பவர் தெர்மாகோலும் பெயின்ட்டும், இல்லாதவர் கையில் ஒன்றுமில்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு வருடம் அழகான தெர்மாகோல் எரிமலை ஒன்றுக்கு முழு மதிப்பெண் போட்டேன், அந்தப் பையனிடம் உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டபோது "எங்க மாமா செஞ்சது, தெரியல டீச்சர்" என்றான். அதே நாள் ஒரு பெண் பிள்ளை களிமண்ணில் ஒரு சின்ன மேடு மாதிரி செய்து செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்து, மற்றவர்கள் கொண்டு வந்ததைப் பார்த்ததும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள், நான் பார்க்கவே இல்லை, மாலையில் பெஞ்சைக் கூட்டும்போதுதான் உடைந்து கிடந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வீட்டிலிருந்து எதுவும் செய்து கொண்டு வரக் கூடாது. பொருள் பள்ளியில் இருக்கும், வேலை பள்ளியில் நடக்கும், மதிப்பெண் நான் கண்ணால் பார்த்ததற்கு மட்டும்.

எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டால், பத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: தன் பங்கு வேலையைச் செய்ததற்கு நான்கு, நோட்டில் எழுதிய மூன்று வரிக்கு நான்கு, குழுவில் மற்றவர் பேசும்போது கேட்டதற்கு இரண்டு. இது நானாக வைத்துக்கொண்ட கணக்கு, உங்கள் வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்தால் சுவரில் சார்ட் குறைவாக இருக்கும்தான். பிள்ளைகளின் நோட்டை எடுத்து நீட்டுங்கள். எனக்கு இது வரை அதில் பிரச்சினை வந்ததில்லை.

சுவருக்கு என்ன? ஜூனில் வரைந்தார்களே வீட்டுக்கு வழி, அதை ஒட்டுங்கள். பிறகு வரைபடப் புத்தகம் வந்ததும் முதலில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் நம் மாவட்டம், அப்புறம் பக்கத்து மாவட்டங்கள், அப்புறம் அப்பாவோ அண்ணனோ வேலைக்குப் போயிருக்கும் திருப்பூர், பெங்களூர், குவைத். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் குவைத்தைக் கண்டுபிடிக்க நான் உதவவே தேவைப்படவில்லை.

ஐந்தாம் படி: வராத பிள்ளை

இதைத்தான் நீளமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். காலையில் செயலியில் வருகை போட்டதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் போன் செய்யுங்கள், ஐந்தாவது நாள் வீட்டுக்குப் போங்கள். காரணங்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: காய்ச்சல், கோயில் திருவிழா, நடவோ அறுப்போ இருப்பதால் அம்மா வயலுக்குப் போக, மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்வது, அப்புறம் பையன்களுக்கு ஏதாவது கடையில் எடுபிடி வேலை. "ரெண்டு நாள்தானே டீச்சர், அவ இல்லாட்டி சின்னவனை யார் பாப்பா?" என்று கேட்கும் அம்மாவிடம் சட்டம் பேசிப் பயனில்லை. அங்கன்வாடியில் இடம் இருக்கிறதா என்று நாமே போய்க் கேட்டுச் சொன்னால் காரியம் நடக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ஆறாம், ஏழாம் வகுப்பில் இன்னொரு காரணம் வரும். வயதுக்கு வந்ததும் ஒன்பது நாள், பதினோரு நாள், சில வீடுகளில் பதினாறு நாள் தனியாக உட்காரவைத்து, அப்புறம் சீர், மஞ்சள் நீராட்டு விழா என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் பள்ளி போய்விடும். சடங்கைப் பற்றி வீட்டாரிடம் வாதாடப் போகாதீர்கள், கதவு மூடிக்கொள்ளும். நான் செய்வது: மூன்றாம் நாள் போய் அம்மாவைப் பார்ப்பேன், பத்திரிகை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், "பரீட்சை வருதுக்கா, எப்போ அனுப்புவீங்க?" என்று ஒரு தேதியை மட்டும் வாங்கிக்கொள்வேன். அவளுடைய குழுவில் இருக்கும் ஒரு பெண் தினமும் மாலை நோட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். திரும்பி வரும் அன்றைக்கு வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது, "வா, உக்காரு, நேத்து மின்சுற்று ஆரம்பிச்சோம்" அவ்வளவுதான். பையன்களிடம் முன்கூட்டியே தனியாகப் பேசி வைத்துவிடுங்கள். மாதவிடாய் பற்றி ஜூலையிலேயே எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பெண் ஆசிரியரோ கிராம செவிலியரோ உட்கார்ந்து பேசிவிட வேண்டும், சில பிள்ளைகளுக்கு அதற்கு முன் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாப்கின் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பயன்படுத்தியதைப் போட மூடி வைத்த கூடை இருக்கிறதா. தாழ்ப்பாள் இல்லாத ஒரே காரணத்துக்காக மாதம் மூன்று நாள் வராமல் இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும், தாழ்ப்பாள் 60 ரூபாய்தான் ஆயிற்று.

கல்யாணப் பேச்சு என்றோ வேலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்றோ காதில் விழுந்தால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், தலைமை ஆசிரியரிடமும் சொல்லுங்கள். தனியாக வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

ஆறாம் படி: இரண்டாம் பருவம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நாட்களைச் சாப்பிட்டுவிடும், ஆகவே பெரிய செயல்பாடுகளை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

கணக்கில் இலாபம் நட்டம் வரும். ஒரு பீரியட் வகுப்பறையைச் சந்தையாக்குங்கள். நிஜக் காசு வேண்டாம், தாளில் எழுதிய நோட்டுகள் போதும். ஒரு குழு 10 கட்டுக் கீரையை 100 ரூபாய்க்கு வாங்கி, கட்டு 15 ரூபாய் என்று 8 கட்டு விற்றது, இரண்டு கட்டு வாடிவிட்டது. 120 வந்தது, 20 ரூபாய் இலாபம் என்று குதித்தார்கள். ஆட்டோவுக்கு 30 கொடுத்தீர்களே என்று கேட்டேன். 130 ஆயிற்று, 120 வந்தது, 10 ரூபாய் நட்டம். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பெண் எழுந்து, "அதனாலதான் எங்கம்மா தலையிலேயே சுமந்துட்டு நடந்து போறாங்க" என்றாள். பட்டியல் எழுதுவதையும் இதோடு சேர்த்துவிடுங்கள், மளிகைக் கடைப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லிக் கூட்டல் சரிபார்க்கலாம்.

அறிவியலில் மின்னியல். மின்கலம், டார்ச் பல்பு, வயர், இவை எட்டுச் செட் வேண்டும், பள்ளி மானியத்தில் வாங்கலாம். முதலில் எந்தப் படமும் வரையாமல் பொருளைக் கையில் கொடுத்து "பல்பை எரியவை" என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டு மின்சாரத்தை யாரும் தொடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லுங்கள், இதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 6 முதல் 8 வரைக்கும் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதத் திட்டத்தில் கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுவார்கள், அவர்கள் வரும் நாளைக் கேட்டு உங்கள் பாடத்தை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொண்டால் இரட்டிப்புப் பயன்.

கலைத் திருவிழாவுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பள்ளி அளவில் எல்லாப் பிள்ளையும் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும். வட்டார அளவுக்குப் போவது யார் என்பது பிறகு. நன்றாக ஆடும் அதே நான்கு பேரை வைத்தே எல்லாவற்றையும் முடிப்பது நமக்கு எளிது, அதைச் செய்யாதீர்கள். எங்கள் பள்ளியில் வாயே திறக்காத பையன் ஒருவன் பறை அடிப்பான் என்பது கலைத் திருவிழாவில்தான் தெரிந்தது.

காலை வழிபாட்டில் செய்தி வாசிக்க ஆறாம் வகுப்பையும் விடுங்கள். முதல் நாள் மாலையே இரண்டு வரிச் செய்தியை எழுதிக் கொடுத்து, வீட்டில் நான்கு தடவை வாசித்துவிட்டு வரச் சொன்னால் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் மைக் முன்னால் நிற்கும். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அடுத்த வாரம் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஏழாம் படி: பெற்றோர்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போன அம்மாக்கள் எப்படி வருவார்கள்? மாலை 3.30-க்கு மேல் வையுங்கள், வந்தவர்களிடம் முதலில் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கு அந்த மூன்று வரி நோட்டைத் திறந்து காட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவிடம் பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கோரிக்கை என்றால் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வாயால் சொன்னது எங்கேயும் போகாது.

எட்டாம் படி: மூன்றாம் பருவம்

பொங்கல் முடிந்ததும் பின்னங்கள். பயப்பட வேண்டாம், நம் மொழியிலேயே பாடம் பாதி இருக்கிறது. கால், அரை, முக்கால் எல்லாம் கடைக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கால் கிலோ எத்தனை கிராம் என்று கேட்டால் 250 என்று உடனே வரும். முக்கால் என்றால் மூன்று கால், 750. இப்போது பாட்டிமாரிடம் அரைக்கால் என்றால் என்ன என்று கேட்டு வரச் சொல்லுங்கள். காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. அந்தச் சொல்லுக்குள்ளேயே பெருக்கல் இருக்கிறது, அரையைக் காலால் பெருக்கினால் அரைக்கால். அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. ஒரு தாளை எடுத்து மடித்துக்கொண்டே போனால் அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் கையில் வந்துவிடும். நான்கு தடவை மடித்துப் பிரித்தால் 16 கட்டம், எண்ணிப் பார்க்கட்டும்.

சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்பு வருகிறது. ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போங்கள், முன்கூட்டியே செயலரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வியோடு. ஜனவரி 26 அன்று கிராம சபை நடக்கும், கொடியேற்றம் முடிந்ததும் பெரிய பிள்ளைகளோடு ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். சுற்றளவு, பரப்பளவுக்குக் கயிறும் மைதானமும் போதும்.

ஆறாம் வகுப்பிலேயே இன்னொன்றைத் தொடங்கிவிடுங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு இருக்கிறது, தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. மனத்திறன் 90 மதிப்பெண், படிப்புத் திறன் 90. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் போய் மூன்று மாதம் அரைத்துக் கொடுப்பதைவிட, ஆறாம் வகுப்பிலிருந்தே தினமும் காலையில் கரும்பலகையின் மூலையில் ஒரு புதிர், ஒரு எண் தொடர், ஒரு விடுபட்ட படம் எழுதிவிடுங்கள். விடை மாலையில். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதைவிட எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள்.

கடைசிப் படி: ஏப்ரல்

தேர்வு முடிந்த அந்த இரண்டு மூன்று நாளை வீணாக்காதீர்கள். ஜூனில் வாசித்த அதே பத்தியை மறுபடி ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லி, பழைய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 402 கழித்தல் 178-ம் மறுபடி. இந்தத் தடவை பிள்ளையிடம் இரண்டையும் காட்டலாம். ஏழாம் வகுப்புக்கு வரப்போகும் வகுப்பாசிரியரிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள்: எதில் நன்றாக வரும், எந்த நேரத்தில் எதற்காகத் தடுமாறும். காலையில் சாப்பிடாமல் வருகிறவர்களின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள். யாராவது ஊரை விட்டுப் போவதாகத் தெரிந்தால் எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டு, மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பள்ளிக்கு ஒரு போனும் போட்டுவிட வேண்டும்.

பொருட்களைக் கட்டி வைப்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஸ்கேல், கயிறு, பல்பு எல்லாம் தனித்தனி டப்பாவில், தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் பெஞ்சின் மேல், இல்லையென்றால் மே மாதத்தில் கரையான் ஏறிவிடும். மின்கலங்களை ஹோல்டரிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். ஒரு வருடம் மறந்துவிட்டுப் போனேன், ஜூனில் திறந்து பார்த்தபோது எட்டில் ஆறு ஹோல்டர் துருப்பிடித்துப் பூத்திருந்தது.